ஆலை மூடியபோது ஒரு பாட்டு

இடுக்கண் வந்துற்றபோது நகைக்க வேண்டும் என்பது வள்ளுவர் நமக்கு வகுத்துத் தந்த நெறி. இடுக்கணழியாமை என்று அதற்கெனத் தனி அதிகாரமே அமைத்தார். ஆயினும் துன்புறுவோன் தானே நகுவது வேறு. துன்புறாத ஒருவன் அவனை நோக்கி 'நகுவாயாக' என்பது வேறு. பழைய ஆங்கில இசை நகைச்சுவைப் படங்களைக் காணுந்தோறும் இவ்வேறுபாடு நம் உள்ளத்தில் எழுகின்றது.

இப்படங்களில் நடித்தோர் பலர் 'மியூசிக் ஹால்' எனப்பட்ட அரங்குகளில் வளர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுக்கடைகளின் பாட்டறைகளிலிருந்து கிளைத்தவை அவை. மாலையில் உழைப்பாளர் கூடுவர். மேடையில் ஒருவர் பாட, பல்லவியை அவையோர் அனைவரும் ஏற்றுப் பாடுவர். நம் பஜனை மடங்களில் பாகவதர் அடியெடுத்துக் கொடுப்பது போலத்தான். பொருள் மட்டும் முற்றிலும் வேறு! பேசும் படம் வந்தபின் அக்கலைஞர்கள் திரைக்கு வந்தனர். ஜார்ஜ் ஃபார்ம்பி வந்தார். வில் ஹே வந்தார். நாம் இங்கே கருதுவது கிரேஸி ஃபீல்ட்ஸ் என்னும் பெண்மணியை.

அவர் 1898இல் லங்காஷயரிலுள்ள ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். (கூட்டுறவுப் பண்டகசாலை வரிசையில் நின்று பழகிய நாம் அவ்வூருக்குக் கடன்பட்டவர்கள். 1844இல் நெசவாளர் முதலிய தொழிலாளர் சிலர் கூட்டுறவுக் கடை தொடங்கி உலகுக்கு வழிகாட்டியது அங்கேதான்.) சிறுமிப் பருவத்தில் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் பஞ்சாலையிலும் கழித்தவர் அவர்.

1934இல் வெளிவந்த 'சிங் ஆஸ் வீ கோ' என்ற படத்தில் அவர் ஆலைத் தொழிலாளியாகவே தோன்றுகிறார். கதை எழுதியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி. ஆலை மூடப்படுகிறது. நாயகி மிதிவண்டியேறிப் பிளாக்பூல் கடற்கரை நகருக்கு வேலை தேடிச் செல்கிறாள். விடுதிப் பணிப்பெண்ணாகிறாள், வேடிக்கைக் காட்சிகளில் நிற்கிறாள், எதுவும் நிலைக்கவில்லை. விரும்பிய ஆடவனும் மற்றொருத்தியை மணக்கிறான். இறுதியில் ஆலை மீண்டும் திறக்கிறது. தொழிலாளர் பாடிக்கொண்டே அணிவகுத்து உள்ளே செல்கின்றனர். அவள் முன்னே நடக்கிறாள்.

வேலையற்றோர் கூட்டத்தைப் பாடச் சொன்னது ஆறுதலா, ஏய்ப்பா? ஏய்ப்பே என்று கடிந்துரைப்பது எளிது. அந்நாளில் கிரேஸி பெரும்பொருள் ஈட்டும் நட்சத்திரம். ஆலையை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டவர். ஆயினும் அவர் குரலிலும் கொச்சை மொழியிலும் ராச்டேல் மறையவில்லை. பிளாக்பூல் காட்சிகளில் ஒருத்தி ஒவ்வொரு வேலையாக இழந்து, அடுத்த வாயிலைத் தட்டும்போது பாடுகிறாளே, அந்தப் பாட்டில் பொய் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அது துன்புற்றவள் தானே நகுவது. பொய் இருப்பது முடிவில். திரையில் புதிய உற்பத்தி முறையொன்று ஆலையைக் காப்பாற்றிவிடுகிறது. லங்காஷயரின் பருத்தித் தொழிலோ பழைய நிலைக்கு மீளவேயில்லை.

ஏன் மீளவில்லை என்று கேட்கும்போதுதான் நாம் வெறும் பார்வையாளராக இருக்க இயலாமற் போகிறது. 1913இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த ஏறத்தாழ 700 கோடி கெஜம் துணியில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. பின்னர் அச்சந்தை சுருங்கியது. ஜப்பானியப் போட்டி ஒரு காரணம். நம் நாட்டு ஆலைகளின் வளர்ச்சி மற்றொன்று. அந்நியத் துணி மறுப்பும் ஒன்று. அங்கே கதவுகள் மூடிய அதே 1930களில், பைக்காரா மின்சாரம் வந்துசேர, கோயம்புத்தூரில் புதிய ஆலைகள் எழுந்தன. அவளுடைய வேலையின்மையில் நம் நியாயமான உரிமைக்கும் பங்குண்டு. அப்படியிருக்க, அவளுக்காக நாம் இரங்கலாமா? இரங்கினால் நம் நெசவாளர் பட்ட பழைய துயரத்தை மறந்தவராவோமா?

1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் லங்காஷயருக்கே சென்றார். அவர்கள் துன்பத்தைக் கேட்டார், வருந்தினார், தம் நாட்டுச் சிற்றூர்களின் வறுமை அதனினும் கொடிதென்று எடுத்துரைத்தார், கொள்கையிலிருந்து இம்மியும் பிறழவில்லை. இரக்கம் கொள்வதற்கு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை என்பதை நாம் எந்த நூலைக் காட்டிலும் அப்பயணத்திலிருந்தே அறிகிறோம்.

டார்வென் என்ற ஊரில் அப்போது எடுத்த நிழற்படம் ஒன்று உண்டு. ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆர்ப்பரிக்கிறார்கள். நடுவே கதராடையைப் போர்த்தபடி அவர் நிற்கிறார். அப்பெண்களுள் சிலரேனும் மூன்றாண்டு கழித்து இப்படத்தைப் பார்த்திருக்கக் கூடும். திரையில் ஆலைக் கதவு திறந்தபோது அவர்களும் பல்லவியை ஏற்றுப் பாடினார்களா என்று அறிய நமக்கு ஆவலாக இருக்கிறது.