ஒரு கருவி, இரு நூலகங்கள்

காலையில் பள்ளியின் விளையாட்டு விழாவைப் படமெடுத்த ஆசிரியர், மாலையில் அதே கேமராவைக் கொண்டு தம் இல்லத்து நிச்சயதார்த்தத்தையும் எடுக்கிறார். இரண்டும் ஒரே நினைவட்டையில், அடுத்தடுத்த எண்களைத் தாங்கி அமர்ந்துகொள்கின்றன. கருவிக்கு வேற்றுமை தெரியாது. 'டிசிஐஎம்' என்னும் கோப்புறைக்குள் வரிசை எண்ணிட்டு அடுக்குவதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. ஆனால், அவற்றைக் கணினிக்குள் இறக்கும் மனிதருக்கு வேற்றுமை தெரிந்தாக வேண்டும். பொதுப்பொருள் எது, தன்பொருள் எது என்னும் பழைய வினாவே இங்குப் புதிய கோலத்தில் வந்து நிற்கிறது.

"சேமிக்கும் இடம் மலிந்துவிட்டது, எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டிவைத்தால் என்ன?" என்பார் உளர். எளிய வழிதான். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் 'போட்டோஸ்' செயலியில் எத்தனை நூலகங்கள் வைத்திருந்தாலும், அவற்றுள் ஒன்றை மட்டுமே 'ஐகிளவுட்' சேவையோடு இணைக்க இயலும். பெரும்பாலோர் குடும்ப நூலகத்தையே இணைக்கின்றனர். அதில் விழுந்த படம் கைப்பேசிக்கும் செல்லும். வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கும் செல்லக்கூடும். வறிய மாணவி ஒருத்தி தலைகுனிந்து இலவசப் புத்தகப்பை பெறும் காட்சி, தீபாவளி விருந்தினர் முன் திரையில் தோன்றுவது முறையாகுமா? அம்முகம் பள்ளிக்குக் காட்டிய முகம். நம் கூடத்துக்குக் காட்டியதன்று.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கும் என்று நம்பியிருத்தல் வீண். கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஒருவர் தம் குடும்பக் காரியத்துக்காக வைத்திருப்பவற்றுக்கும் அது விலக்களிக்கிறது. ஆகவே இதனை ஆசிரியரின் உள்ளமே காத்தாக வேண்டும்.

உள்ளம் மட்டும் போதாது, கைப்பழக்கமும் வேண்டும். 'ஆப்ஷன்' விசையை அழுத்தியவாறு அச்செயலியைத் திறந்தால், எந்த நூலகம் வேண்டும் என்று அது கேட்கும். அழுத்தாவிடில் இறுதியாகப் பயன்படுத்திய நூலகமே திறக்கும். படங்களும் அதற்குள்ளேயே செல்லும். ஒரு நூலகத்தில் ஏற்கெனவே இறக்கிய படத்தை மற்றொரு நூலகம் அறியாது. அதனைப் புதியதென்றே கொள்ளும். எனவே, 'புதியன அனைத்தையும் இறக்கு' என்னும் பொத்தானை இரு நூலகங்களிலும் அழுத்துபவர் எதையும் பிரித்தவராகார்; இரட்டித்தவரே ஆவார். பள்ளிக்குரியவற்றைத் தெரிந்தெடுத்து இறக்கி, பின் நூலகத்தை மாற்றி, வீட்டுக்குரியவற்றை இறக்குதலே தக்கது. இறக்கியவுடன் அழித்துவிடவா என்று அட்டையைப் பற்றிச் செயலி கேட்கும் இடத்தில் அவசரம் கூடாது. இரு நூலகங்களையும் கண்ணால் பார்த்து, வேறோரிடத்தில் நகலும் வைத்த பின்னர் அட்டையைத் துடைக்கலாம்.

சில படங்கள் எப்பக்கமும் சேராமல் நம்மைச் சோதிக்கும். ஆறாம் ஆண்டு மாணவரின் பிரியாவிடைப் படத்தில் ஆசிரியரின் மகளும் நிற்கிறாள். தந்தை என்ற முறையில் அதனை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, பள்ளிக்கும் உண்டு. இரண்டிலும் வைப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. ஆயினும், உடன் நிற்கும் வேறொரு பிள்ளையின் தாய் வந்து, "அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், ஐயா" என்று கேட்கும் நாளில், பள்ளி நூலகத்தில் அழித்தது வீட்டு நூலகத்தில் அழியாது. அங்கும் சென்று தேடி அழிக்க வேண்டியவர் அவரே. செய்தாரா என்று அத்தாயால் சரிபார்க்க இயலாது.