நோயாளி பாடமாகலாமா?

வலியோடு கட்டிலில் கிடப்பவரைச் சுற்றி மாணவர்கள் நின்று குறிப்பெடுப்பது அறமாகுமா? மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனை எதுவும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நோயாளி அங்கே குணமாகத்தான் வருகிறார். மருத்துவமனையோ சிகிச்சை தருவதோடு நில்லாமல், அவர் உடலிலிருந்து மாணவருக்குப் பாடமும் ஆய்வுக்குச் சான்றும் எடுத்துக்கொள்கிறது. அன்பு என்பது எதிரே இருப்பவரை அவருக்காகவே நேசிப்பது என்றால், அவரைப் பாடமாகப் பார்க்கும் கண் அந்த அன்பிலிருந்து விலகிவிடவில்லையா? விலக வேண்டியதில்லை என்பதே என் வாதம். மெய்யான அன்பு அறிவைத் தேடும், தேடியதைக் கற்பிக்கும். ஆனால் இந்த மூன்றில் எது முதலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அந்த இடம் அறமுடையதா இல்லையா என்பது அமையும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் பெற்றது. அங்கே 1946இல் அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கி முடங்கிய கைகளிலும் வலுவான தசைகள் மிஞ்சியிருப்பதைக் கவனித்தார். நரம்புகள் ஓர் ஒழுங்கோடுதான் பாதிக்கப்படுகின்றன, முன்கையின் சில தசைகள் கெடுவதில்லை என்பது தெளிவானது. நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் இயக்கும் அறுவை சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்ற பழைய நம்பிக்கையும் தகர்ந்தது. வலி உணராததால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் போய், அந்தக் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் காட்டினார்.

பராமரிப்பு போதாதா, ஆய்வு எதற்கு என்று கேட்போருக்கு இதுவே பதில். தொழுநோயாளிகளுக்குக் கஞ்சியும் தங்க இடமும் தந்த இல்லங்கள் நெடுங்காலமாக இருந்தன. அந்த ஈகை உயர்ந்தது. ஆனாலும் கண்முன்னே விரல்கள் அழிவதை அது விதியென்று ஏற்றுக்கொண்டது. ஏன் என்று கேட்காத இரக்கம், தான் அறியாமலே தீங்குக்குத் துணைபோய்விடும். கற்பித்தலும் அப்படித்தான். ஒரு மருத்துவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் எத்தனை கைகளைச் சரிசெய்துவிட முடியும்? வேலூரில் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆசிரியர் போக முடியாத ஊருக்கும், இன்னும் பிறக்காத நோயாளிக்கும் பரிவு போய்ச் சேர்வது இப்படிப்பட்ட மாணவர்கள் வழியாகத்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேறு போக்கிடமில்லாத ஏழை தரும் சம்மதம் சம்மதம்தானா? இந்த அச்சம் வீணானதல்ல. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த ஏழைக் கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஏமாற்றி ஆய்வில் வைத்திருந்தது. பென்சிலின் நிலைபெற்ற மருந்தான பிறகும் அதைத் தராமல் நோயின் போக்கை மட்டும் பதிவுசெய்தது. வேலூரில் முதல் அறுவை சிகிச்சைகளுக்குக் கைநீட்டியவர்களும் சமூகம் ஒதுக்கியவர்களே. பலன் உறுதியில்லாத ஒன்றை நம்பியவர்களே. ஆனால் அங்கே தேடப்பட்டது அவர்களுடைய கைகளின் நலம். டஸ்கிகீயில் அறிவுக்காக நோயாளியின் நலம் பலியிடப்பட்டது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்றார் தத்துவ அறிஞர் கான்ட். ஒருவர் மற்றவருக்குப் பயன்படுவதை அவர் தடுக்கவில்லை. பயன்பாடு மட்டுமே மிஞ்சும்படி அவரைச் சுருக்குவதைத்தான் தடுத்தார். ஆகவே நோயாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்ற உறுதி சொல்லில் மட்டுமன்றி நடப்பிலும் இருக்க வேண்டும்.

பழகாத கையிடம் உடலை ஒப்படைப்பது அநியாயம் என்றும் சொல்லலாம். மேற்பார்வையின்றிப் பழகவிட்டால் அநியாயம்தான். ஆனால் தேர்ந்த கை எதுவும் ஒருநாள் பழகாத கையாகவே இருந்தது. இன்று குணமாகி வீடு திரும்பும் எவரும், முன்பு யாரோ தம் உடலைப் பாடமாக அனுமதித்ததன் பலனையே பெறுகிறார். இந்தக் கடன் பணக்காரர், ஏழை இருவருக்கும் பொது. எனவே சுமையும் பொதுவாக வேண்டும். இலவச வார்டில் மட்டும் மாணவரைப் பழகவிட்டு, கட்டண அறைகளின் கதவை அவர்களுக்கு மூடிவைக்கும் மருத்துவமனை, ஏழையின் உடலை எடுத்து வசதியுள்ளவரின் கடனை அடைக்கிறது. சுமையைச் சமமாகப் பகிர்ந்து, நோயாளியின் நலனை முதலில் நிறுத்தும் இடத்தில் நோயாளி பாடமாவது இழிவல்ல. அங்கே அவர் பெறுபவர் மட்டுமல்லர், பின்வருவோருக்குக் கொடுப்பவரும் ஆகிறார்.