ஆப்த வாக்கியமும் வலது முட்டியும்

அமெரிக்காவில் கால்பந்து ஆடும் ஒருவருக்கு வலது முட்டி திருகிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். விழும்போது உள்ளே 'டொப்' என்று சத்தம் கேட்டதாகச் சொல்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. டாக்டர் காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்கிறார். இதுதான் லாக்மன் சோதனை. எலும்பு தடையில்லாமல் வழுக்கி வருகிறது. முன் சிலுவை ஜவ்வு போய்விட்டது என்பதில் அவருக்கு ஏறக்குறையச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எம்ஆர்ஐ எடுக்கவில்லையே! 'ஜவ்வு கிழிந்திருக்கலாம்' என்று எழுதி வைக்கிறார்.

அந்தச் சார்ட், சென்னையில் ஒரு மெடிக்கல் கோடரின் திரைக்கு வருகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்து, அதிலுள்ள நோய்க்கு உரிய குறியெண்ணை, அதாவது கோடு, போடுவதே பிழைப்பாக இருப்பவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். உடற்கூறு படித்தவர் என்பதால் சத்தம், வீக்கம், லாக்மன் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுமே அவருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. ஆனால் அவர் போடும் கோடு எம்25.561. வலது முட்டியில் வலி. அவ்வளவுதான்.

விதி அப்படி. ஓபி நோயாளியின் சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகிக்கிறோம்' என்று எழுதப்பட்ட நோய்க்குக் கோடு கிடையாது. உறுதியாகத் தெரிந்த அறிகுறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் இதே ஆள் மருத்துவமனையில் அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் குறிப்பில் இதே 'இருக்கலாம்' இருந்தால், ஜவ்வு கிழிந்தேவிட்டது போலக் கோடு போடச் சொல்கிறது இன்னொரு விதி. கட்டிலில் படுத்தால் கிழிந்த ஜவ்வு, ஓபி நாற்காலியில் உட்கார்ந்தால் வெறும் வலி.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கக்கூடிய விஷயம்தான். ஆனாலும் இதற்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒன்றைத் தெரியும் என்று சொல்ல யாருக்கு, எந்த வழியில் உரிமை வருகிறது?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவைகளைப் பற்றிப் பேசுகிறது. அறியும் வழிகள் பலவற்றைச் சொல்லி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறது. அந்த மூன்றையும் கோடரின் மேசையில் வைத்துப் பார்க்கலாம். முட்டியை அவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை, காண்டல் இல்லை. அறிகுறிகளைக் கோத்து அவராக ஒரு நோயை முடிவுசெய்யக் கூடாது. ஆக, கருதலும் கூடாது. மிஞ்சுவது உரை ஒன்றுதான்.

அமெரிக்கக் கோடிங் விதிகளில் 2016 அக்டோபரில் சேர்ந்த ஒரு பத்தி இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. நோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் கோடு போட அதுவே போதும். மருத்துவ அளவுகோல்களை வைத்துக் கோடு போடுவதில்லை. சித்தியாருக்கு உரை என்றால் முதலில் சிவாகமம். நியாய மரபின் வாசல் இன்னும் அகலமானது. ஆப்தர் சொல்வதே பிரமாணம் என்கிறார் கௌதமர். பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர், அவர்தான் ஆப்தர் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அமெரிக்க எலும்பு டாக்டரும் தாராளமாக உள்ளே வரலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆப்தருக்கே ஐயம் இருக்கும்போது அவர் உரை எதற்குப் பிரமாணம்? கிழிந்தது என்பதற்கா, கிழிந்ததோ என்று அவர் ஐயப்பட்டார் என்பதற்கா? ஓபி விதி இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. நியாயம் அதன் பக்கம்தான் இருக்கிறது. நிரூபணமாகாத நோயின் பெயர் ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை இறக்குவது லேசில்லை. வலி என்பது அப்படியல்ல. அதைச் சொன்னவர் நோயாளி. தன் வலிக்கு அவரைவிட நம்பத்தகுந்த சாட்சி கிடையாது. அட்மிட் ஆனவருக்கான விதிக்குக் கோடிங் விதிக் கையேடே வேறு காரணம் சொல்கிறது: நோய் உறுதியானால் என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை நடந்திருக்குமோ அதுவே நடந்திருக்கிறது. நடந்த வேலையைக் கணக்கில் ஏற்றுவதற்கான விதி அது. அறிவைப் பற்றிய விதி என்று அதைச் சொல்ல முடியாது.

'எழுதவில்லையென்றால் நடக்கவில்லை' என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். இதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. எழுதாததால் எந்த ஜவ்வும் ஒட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் எழுதாததைக் கோடர் சொல்லக் கூடாது என்ற அளவில்தான் அந்த வாசகத்துக்கு மதிப்பு.

எழுதினாலும் எல்லாம் கோடில் ஏறுவதில்லை. எம்ஆர்ஐ வந்து கிழிசல் உறுதியானதும் கோடு எஸ்83.511ஏ ஆகிறது. எஸ் என்றால் காயம், 83 முட்டியின் மூட்டும் ஜவ்வும், 5 சிலுவை ஜவ்வு, அடுத்த 1 முன் ஜவ்வு, கடைசி 1 வலது. 2015 செப்டம்பர் வரை புழக்கத்தில் இருந்த பழைய பட்டியலில் 844.2 என்ற ஒரே எண்தான். அதில் இடம் வலமே கிடையாது. இப்போது இருக்கிறது. ஆனால் எந்தக் கால் என்று சார்ட்டில் எங்குமே இல்லையென்றால் எஸ்83.519: இடதுமல்லாத வலதுமல்லாத ஒரு முட்டி. அப்படியொரு முட்டியோடு யாரும் பிறந்ததில்லை. அதைவிட விசித்திரம், ஜவ்வு லேசாக இழுபட்டாலும் முழுசாக அறுந்தாலும் கோடு ஒன்றே. ஆறு வாரம் ஓய்வா, ஆபரேஷனா என்று நோயாளி தவித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு அந்த ஏழு எழுத்தில் இடமில்லை.

கடைசி எழுத்து காலத்தைக் காட்டுகிறது, அதுவும் தன் போக்கில். ஏ என்பதற்கு முதல் வருகை என்று பெயர். ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தாலும் ஏதான், ஏனென்றால் நேரடிச் சிகிச்சை இன்னும் முடியவில்லை. அது முடிந்து பிசியோதெரபிக்குப் போகும்போது டி. பல வருஷம் கழித்து அதே காயத்தால் மூட்டு தேய்ந்தால் எஸ். காலண்டருக்கு இங்கே வேலையில்லை. ஆனால் பழைய கிழிசலோடு நடமாடிவிட்டு வருகிறவருக்கு எஸ்83 பொருந்தாது. எம்23 என்ற வேறு குடும்பத்தில் தேட வேண்டும். எத்தனை நாளில் ஒரு காயம் பழையதாகிறது? கோடு புத்தகம் நாள் கணக்கு எதுவும் தரவில்லை. சார்ட்டைப் பார்த்துத் தெளிவாகவில்லை என்றால் டாக்டரிடம் கேள் என்கிறது.

கேட்பதற்கும் முறை உண்டு. 'இது புதுக் கிழிசல்தானே?' என்று கோடர் குவெரி அனுப்பக் கூடாது. அது பதிலை வாயில் திணிப்பதாகும். விழுந்த தேதி, வீக்கம், எம்ஆர்ஐ சொல்வது ஆகியவற்றை அப்படியே எடுத்து வைத்து, புதியது, பழையது, பழையதின் மேல் புதியது, வேறு ஏதாவது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். டாக்டர் அதில் டிக் அடித்தால் அதையும் பதிலாக ஏற்றுக்கொண்டுதான் கோடர் அடுத்த சார்ட்டைத் திறக்கிறார்.