சேர்ந்த சேதி

ஒன்றா, ஏழா? பீடிக்கட்டு உறையின் உள்பக்கத்தில் நீலப் பேனாவால் எழுதிய பத்து எண்கள். ஒன்பது தெளிவாக இருக்கின்றன. கடைசிக்கு முந்தையது மட்டும் மழையில் ஊறி, மேலே சின்னக் கொக்கியும் கீழே ஒரு கோடுமாக நிற்கிறது. அந்தக் கொக்கியை எழுதியவரே போட்டாரா, மை பரவியதில் தானாக வந்ததா என்று சொல்ல முடியவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தாயிற்று. மகள் அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். பெரிதாக்கினால் குழப்பமும் சேர்ந்து பெரிதாகிறது.

மதுரையில் விடிகாலை கிளம்பி, சின்னமனூர் வழியாக மேகமலை ஏறி, ஏரிகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவதாகத் திட்டம். நானும் நண்பரும், ஒரே பைக். தென்பழநி சோதனைச் சாவடியைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மேலே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைக்கு நடுவே நிற்கும் தண்ணீர். போனது நன்றாகவே இருந்தது; அதனாலேயே அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாசி படிந்த ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கி, நண்பரின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கியர் லீவர் உள்ளே மடங்கிவிட்டது. என் போன் நனைந்து செத்துப்போனது. அவர் போனில் சிக்னல் இல்லை. மணி நாலைத் தாண்டியிருந்தது. ஆறு மணிக்குச் சாவடியை மூடிவிடுவார்கள். 2021 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம் வேறு.

அப்போது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்தார். தலையிலிருந்து இடுப்பு வரை பிளாஸ்டிக் தாளைக் கொங்காணி போட்டிருந்ததால் முகத்தில் பாதிதான் தெரிந்தது. அறுபது வயதிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தினார். எக்ஸ்எல்லில் கட்டியிருந்த இரும்புக் குழாயை லீவரில் நுழைத்து ஒரே நெம்பில் நிமிர்த்தினார். நண்பரின் கணுக்காலை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினார். “நீங்க ஓட்டுங்க, அவர் பின்னால உக்காரட்டும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வளைவுகள் தொடங்கும் இடம் வரை முன்னால் மெதுவாகப் போய் வழி காட்டினார். பணத்தை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகுதான் அந்த எண். பேருந்து நிழற்குடைக்குள் ஒதுங்கி, பீடிக்கட்டைப் பிரித்து, உறையைத் தொடைமேல் வைத்து ஒவ்வொரு எண்ணாக எழுதினார். “கீழ போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க தம்பி. இந்த மழைல அனுப்பிட்டு எனக்கு மனசு கெடக்காது.” பெயர் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு, அதான் நம்பர் இருக்குல்ல.” தகரக் கூரையில் மழை அறைந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. “உள்பாக்கெட்டுல வைங்க” என்றும் சொன்னார். உள்பாக்கெட்டும் நனைந்துதான் இருந்தது.

நாங்கள் ஒழுங்காக இறங்கிவிட்டோம். எலும்பு முறிவு இல்லை, தசைநார்தான் என்று மருத்துவர் சொன்னார். அன்று இரவே நண்பர் போனிலிருந்து ஏழு போட்டு அழைத்தேன். ஒரு அம்மா எடுத்தார். “அண்ணே இருக்காங்களா, மேகமலைல பாத்தமே, நாங்க நல்லபடியா வந்து சேந்துட்டோம்” என்று ஒரே மூச்சில் சொன்னேன். கொஞ்சம் மௌனம். “நீங்க யாருன்னு தெரியலையேப்பா. மேகமலை எங்க இருக்கு?” விஷயத்தைச் சொன்னதும், “அப்படியா, நல்லபடியா வந்து சேந்தீங்கள்ல, அது போதும். காலைப் பாத்துக்கச் சொல்லு” என்றார். உண்மையான அக்கறை அந்தக் குரலில் இருந்தது. முகவரி மாறிய கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, எழுதியவருக்காக அவர் சந்தோஷப்பட்டதுபோல இருந்தது.

ஒன்று போட்டு அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக் குரல் சொல்கிறது. மறுநாளும் அதுவே, பிறகும் அதுவே. குறுஞ்செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. மலையில் இருக்கும் மனிதர் எல்லைக்கு வெளியே இருப்பதில் வியப்பில்லை. ஆகவே அது அவருடைய எண்ணாகவே இருக்கலாம். எவரோ கைவிட்ட எண்ணாகவும் இருக்கலாம்.

கால் சரியானதும் நண்பர் வேறு வேலையாகச் சின்னமனூர் போனவர், மேலே ஏறிப்போய் விசாரித்தார். கொங்காணி போட்ட, எக்ஸ்எல் வைத்திருக்கிற, அறுபது வயது ஆள் என்றால் எஸ்டேட் லைனில் பலர் இருக்கிறார்கள். “மழைக்கு எல்லாரும் அப்படித்தான் இருப்போம்” என்று டீக்கடையில் சிரித்தார்களாம். நண்பர் அதோடு விட்டுவிட்டார். “காசு கொடுத்தோம், வாங்கலை. நாம ரோட்ல யாருக்காவது இதே மாதிரி செஞ்சுட்டாச் சரியாப்போச்சு” என்பது அவர் கணக்கு. பெரும்பாலோர் கணக்கும் அதுதான். நானும் பல விஷயங்களில் அப்படித்தான் நேர்செய்து கொண்டிருக்கிறேன். ஆனால் இதில் அது செல்லுபடியாகவில்லை. உதவியை வேறொருவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சேதியை எப்படி வேறொருவருக்குக் கொடுப்பது? அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் கையில் ஒரு தபால் கார்டு கொடுத்துவிடுவாள். 15 பைசா மஞ்சள் கார்டு. எங்கள் வீட்டு முகவரியும், “நல்லபடியாக வந்து சேர்ந்தேன்” என்ற வரியும் அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும். எழுதுவது என் வேலை. இறங்கிய ஊரில் பெட்டியில் போட்டால் போதும். பள்ளிக்கூடம் போன திமிரில் ஒருநாள் கேட்டேன்: “போறதுக்கு முன்னாடியே சேர்ந்துட்டேன்னு எழுதுறோமே, இது பொய் இல்லையா அப்பத்தா?” அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “பொட்டில போட்டா நெசம், போடாட்டிப் பொய்” என்றாள். கார்டு வருவதற்கு மூன்று நான்கு நாளாகும். அதுவரை சாப்பிடுவாள், தூங்குவாள், சண்டை போடுவாள், எதுவும் நிற்காது. ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் பேச்சு பாதியில் நிற்கும். ஒருமுறை சித்தப்பா கார்டைப் போட மறந்து சட்டைப்பையிலேயே திரும்பக் கொண்டுவந்தார். அவர் முழுசாக எதிரே நின்றார், அப்பத்தாவோ கார்டுக்காகத் திட்டினாள். ஆள் வந்த பிறகு கார்டு எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவள் திட்டியது அந்த நான்கு நாட்களுக்காக என்று இப்போது தோன்றுகிறது.

ஜிம் கார்பெட்டின் ‘எனது இந்தியா’வில் லாலாஜி என்று ஒருவர் வருவார். புத்தகம் கைவசம் இல்லை, நினைவிலிருந்து சொல்கிறேன். கார்பெட் கங்கைக்கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த காலம். காலரா கண்ட ஒரு வியாபாரியைத் தன் வீட்டில் வைத்துப் பிழைக்க வைக்கிறார். தொழிலில் எல்லாம் இழந்த அந்த மனிதருக்கு, எழுத்து இல்லாமல் ஈடு இல்லாமல் 500 ரூபாய் கடனும் கொடுக்கிறார். ஒரு வருடம் ஆவதற்குள் லாலாஜி திரும்பி வந்து பணத்தை வைக்கிறார். நாணயத்தின் கதையாகத்தான் முதலில் படித்தேன். இப்போது நினைத்தால் பணம் இரண்டாம் பட்சமாகப் படுகிறது. அந்த ஆள் பிழைத்துக் கிடக்கிறாரா, தொழில் எழுந்ததா என்பது கார்பெட்டுக்குத் தெரியவந்ததே, அதுதான் பெரிய கடன் அடைப்பு. இடைப்பட்ட மாதங்களில் அவர் என்ன நினைத்தார் என்பது கதையில் உண்டா இல்லையா, அது மட்டும் எனக்கு நினைவில் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போய்வந்துவிட்டு நன்றிக்கடன் பற்றிப் பேசினால் பென்னிகுக்கைத் தாண்டிப் போக முடியாது. அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. இன்றும் அந்தப் பக்கம் கடைகளில் அவர் படம் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள். ஜனவரி 15-ஆம் தேதி அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் இறந்ததோ 1911-இல். இந்த நன்றியில் பெரும்பகுதி அவர் காதில் விழவே இல்லை. ஆனாலும் அவர் விஷயத்தில் எனக்கு வருத்தம் வரவில்லை. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து சேர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். சேதி கிடைத்துவிட்டது, நன்றிதான் தாமதம். நன்றி நூறு வருடம் கழித்தும் கெட்டுப்போவதில்லை போலிருக்கிறது. சேதி அப்படி இல்லை, அது ராத்திரிக்குள் புளித்துவிடும்.

நாங்கள் பார்க்கப் போன ஏரிகளும் இயற்கை ஏரிகள் அல்ல. சுருளியாறு நீர்மின் நிலையத்துக்காக மின்வாரியம் தேக்கிவைத்த தண்ணீர். ஊட்டி ஏரியும் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் கட்டியது. மலைமேல் ஏரி என்று நாம் வண்டி கட்டிப் போய் மயங்குவதில் பாதி யாரோ கல் சுமந்தது. சுமந்தவர்கள் யாரும் நம்மிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நமக்கு உறுத்தலும் இல்லை. கேட்காதவர்களுக்கு நாம் கடன்பட்டவர்களாகத் தோன்றுவதில்லை. இது நியாயமா என்று யோசிக்கத் தொடங்கினால் வேறெங்கோ போய்விடும், விட்டுவிடுகிறேன்.

சேதிக்காகக் காத்திருக்கும் அந்த முனையில் நிற்பது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பையனை வேன் தட்டிவிட்டது. தலையில் ரத்தம். துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். தெருக்காரர் இருவர் கூடப் போனார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். வீட்டார் வந்து கூட்டிப்போனதாகப் பிறகு கேள்வி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவனுடைய ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். யாராவது கேட்டு வருவார்கள் என்ற எண்ணம். மழைக்காலம் முடிந்து, வெள்ளையடித்தபோது பெயிண்டர்கள் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அவனை நினைத்துத் தினமும் வருந்தினேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் யாராவது தலையில் கட்டோடு எதிரே வந்தால் வயதைக் கணக்குப் போடுகிறேன். எனக்கு நன்றி தேவைப்படவில்லை. இருக்கிறான் என்று ஒரு வார்த்தை போதும்.

இதை வைத்துத்தான் மலையிலிருக்கும் அவரையும் அளக்கிறேன், அது சரியில்லாமலும் இருக்கலாம். மழைக்காலத்தில் அந்தத் திருப்பத்தில் எத்தனையோ பேர் விழுவார்கள். அவர் எல்லோரையும் தூக்கிவிட்டு, எல்லோரிடமும் போன் போடச் சொல்லிவிட்டு, யாரும் போடாததற்குப் பழகியிருக்கலாம். நம் ஊரில் வழியனுப்பும்போது எல்லோரும் சொல்வதுதானே, அதைப் போய் வாக்காக எடுத்துக்கொண்டு நீதான் உருட்டிக்கொண்டிருக்கிறாய் என்கிறார் நண்பர். அப்படிச் சொல்லுக்காகச் சொல்கிறவர் பீடியைக் கொட்டிவிட்டு உறையைக் கிழித்து எண் எழுத மாட்டார் என்பது என் பதில். எழுதியும் மறப்பார்கள் என்பது அவர் பதில். இருவரும் ஊகத்தில்தான் பேசுகிறோம்.

அவர் அன்றிரவே மறந்து தூங்கியிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அப்படி நினைத்த மறுகணமே, மறக்கக்கூடாது என்றும் ஒரு ஆசை வருகிறது. முன்பின் தெரியாத எங்களுக்காக ஒருவர் மனசு கிடக்காமல் இருந்தார் என்பதை இழக்க விருப்பமில்லை. அந்த ஆசைக்கு விலை கொடுப்பவர் அவர், நான் அல்ல. இந்த இரண்டில் அவருக்காக எதை விரும்புவது நேர்மை என்று நானும் பல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றுவரை ஒரு பக்கமும் சாய முடியவில்லை.