கூலியும் கள்ளாமையும்

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். கூலி பேசுதல் இங்கு அன்றாட வழக்கு. ஆதலின் கணிப்பொறி நிரலாளரின் ஊதியமும் எனக்குத் தறிக்கணக்காகவே தோன்றுகிறது.

பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு 2012ஆம் ஆண்டு வாக்கில் ஆண்டிற்கு ஏறத்தாழ மூன்றேகால் இலட்சம் ரூபாய் கிடைத்தது. பத்தாண்டு கடந்தும் அது மூன்றரை இலட்சத்தை ஒட்டியே நின்றது. விலைவாசியோ நிற்கவில்லை. இலட்சக்கணக்கானோர் வாயிலில் காத்திருக்கையில், கூட்டித் தர வேண்டிய கட்டாயம் யாருக்கு? அனுபவம் பெற்று, வேறிடம் செல்ல வல்லவருக்கே ஊதியம் உயர்கிறது.

அவ்வழியையும் மறைவாக அடைத்தால்? அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலிய நிறுவனங்கள், ஒருவர் பணியாளரை மற்றவர் அழைப்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்திருந்தன. 2010இல் அரசு வழக்குத் தொடுத்தது. பணியாளர் தொடுத்த வழக்கில், இந்நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் தருவதென்ற உடன்படிக்கையை 2015இல் நீதிமன்றம் ஏற்றது.

பாதிக்கப்பட்டோர் ஏழைகளல்லர், உண்மைதான். ஆயினும் அளவையில் குறைத்தலைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைத்தார் உமாசுவாமி ஆசாரியர். படி குறைந்தால் மறுமுறை அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே அடுத்த கடையிலும் அதே படி! முன்பணம் வாங்கி ஒரே முதலாளியிடம் கட்டுண்ட தறிக்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.