வழிக்கும் ஓர் உரிமை உண்டு

அலுவல் காரணமாக வெளியூர் போகிறவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்நேரத்தில் கால்நடையாக ஊரைச் சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்றே எல்லோரும் சொல்வார்கள். கருத்தரங்குக்கும் கணக்காய்வுக்கும் நுவரெலியா போய்வருகிற நம்மவர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள். செங்கல் தபாற் கந்தோர், 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைந்த வாவி, விக்டோரியா பூங்கா என்று பார்த்துவிட்டு, ஆர்வம் மிகுந்தவர்கள் நகரெல்லையைத் தாண்டித் தேயிலை மலைவரை போவார்கள். அங்கேதான் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. நகரத்துத் தெரு பொதுவழி. தோட்டத்து வழி யாருடையது? அதில் நடந்துபோய்ப் பிறர் வாழ்வைப் பார்க்க நமக்கு என்ன உரிமை?

நூறாண்டுகளுக்கு முன் இக்கேள்விக்குச் சட்டத்திடம் ஒரே பதில்தான் இருந்தது. வழி துரையுடையது. அவர் அனுமதியின்றி நுழைபவன் அத்துமீறியவன். தஞ்சாவூரிலிருந்து தொழில் நிமித்தம் கொழும்புக்கு வந்த கோ. நடேசய்யர், தோட்டத் தொழிலாளரின் நிலையைக் கண்ணால் காண விரும்பியபோது இந்தத் தடைதான் எதிர்ப்பட்டது. அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நடந்து போனார். புடவை மூட்டைக்காரனை யாரும் தடுப்பதில்லை.

இது பொய் அல்லவா? ஆம், பொய்தான். துரையிடம் மட்டுமல்ல, லயத்து மக்களிடமும் அவர் தம்மை மறைத்தார். நல்ல நோக்கம் என்று சொல்லி இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. நல்ல நோக்கம் சொல்லாத ஒற்றன் எவனும் இல்லை. ஆனால், பார்த்ததற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1920இல் அவர் இலங்கையிலேயே குடியேறினார். பத்திரிகைகளில் எழுதினார். 1931இல் அட்டனில் தொழிலாளர் சங்கம் அமைத்தார். 1936இல் அதே அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அந்த நடைக்குரிய கடனை வாழ்நாளெல்லாம் அடைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய பார்வையாளனுக்கு வேடம் தேவையில்லை. அவன் எவரிடமும் பொய் சொல்வதில்லை. அதேவேளை எவரிடமும் எதுவும் கேட்பதுமில்லை. சரிவில் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண் அவனுக்கு மலையின் அழகில் ஒரு பகுதி. லயத்தின் வரிசை, தூரத்திலிருந்து, ஒரு நல்ல நிறச் சேர்க்கை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படிப் படுத்துறங்குகிறது என்பது அந்தத் தூரத்தில் தெரியாது. புடவைக்காரனோ இஸ்தோப்பில் உட்கார்ந்து, விலை பேசி, சுகம் விசாரித்து, தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியவன். வேடமிட்டவன் முகங்களைப் பார்த்தான். வேடமில்லாதவன் காட்சியைப் பார்த்துத் திரும்புகிறான். இவர்களில் யார் நேர்மையானவர்?

தெருவோரம் உட்காருவது தவிர்க்க முடியாதென்றால் வழிக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாத்துக்குப் பதில் சொல்லுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அவ்வுரிமைகள். உட்காருபவனுக்குச் சொன்னது நடப்பவனுக்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. முதல் மூன்றையும் நல்ல பழக்கமுள்ள எவரும் செய்துவிடலாம். நான்காவதுதான் கனமானது. பார்த்தவன் சாட்சியாகிவிடுகிறான் என்று அது சொல்கிறது.

அப்படியானால் பார்க்காமலே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். துரைமார் விரும்பியதும் அதைத்தானே! வெளியார் கண் படாமலிருந்ததால்தான் கங்காணியின் கடன் கணக்கும் லயத்து இருட்டும் அத்தனை காலம் நீடித்தன. தொழிலாளியைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறைக்கு 1921இல்தான் சட்டம் தடை போட்டது. கண்ணை மூடிக்கொள்வது அடக்கமாகாது.

ஆகவே நடக்கத்தான் வேண்டும். வீட்டுக்கும் காணிக்கும் உறுதியில்லாத குடும்பங்கள் மலையகத்தில் இன்றும் ஏராளம். அவர்களைப் பற்றிய கோப்பு நம்மில் ஒருவருடைய மேசைக்கு வரலாம். அவர்களுடைய பிள்ளை நம்மில் ஒருவருடைய வகுப்பில் இருக்கலாம். மாலையில் நடந்த வழி, மறுநாள் அந்தக் கோப்பில் கையெழுத்திடும்போது நினைவுக்கு வந்தால், வழி தன் உரிமையில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டது என்று கொள்ளலாம்.