டிக்கெட் வாங்கியது எனக்கா, என் சைக்கிளுக்கா?

சமய வகுப்பில் தர்மம் என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். உண்மை பேசுவது, திருடாமல் இருப்பது, பெற்றோரை மதிப்பது. நானும் சின்ன வயதில் அப்படிச் சொல்லிப் பரிசு வாங்கியவன்தான். போன மழைக்காலத்தில் சூலியா தெருவில் ஒரு பஸ் ஏறினேன் பாருங்கள், அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு அவ்வளவு வேகமாகப் பதில் வரமாட்டேன் என்கிறது.

நான் பட்டர்வொர்த்வாசி. வேலை சூலியா தெருவில் ஒரு கடையில். சைக்கிளோடு ஃபெரியில் வந்து போகிறேன். "பாலத்தில் வரக்கூடாதா?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 1985-இல் திறந்த முதல் பாலமாகட்டும், 2014-இல் திறந்த இரண்டாவது பாலமாகட்டும், மோட்டார் சைக்கிளுக்கு இடம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. ஆகவே எனக்குக் கடல்தான் ரோடு.

பழைய ஃபெரி நாளில் ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு. சைக்கிளோடு வந்தால் 1 வெள்ளி 40 காசு. காருக்கு 7 வெள்ளி 70 காசு. அதுவும் தீவுக்கு வரும்போது மட்டும்தான். திரும்பிப் போக ஒன்றும் கட்ட வேண்டாம். ஆக, என் சைக்கிள் பிடித்த இடத்துக்கு விலை 20 காசு. 2021 ஜனவரியில் அந்தக் கப்பல்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நடந்து வருகிறவர்களுக்கு விரைவுப் படகு, இரண்டு சக்கரக்காரர்களுக்குத் தனிக் கலம் என்று ஆனது. கூட வந்த கூட்டாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்! 2023 ஆகஸ்டில் நான்கு புது ஃபெரிகள் வந்தபிறகு மறுபடி ஒன்றாகப் போகிறோம். கார் மட்டும் ஏறுவதில்லை. இந்த ஓர் இடத்திலாவது காரை வெளியே நிறுத்திவிட்டு சைக்கிளை உள்ளே கூப்பிடுகிறார்களே என்று, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது.

அந்தத் திமிரோடுதான் பஸ் ஏறினேன்.

அன்று ஆயர் ஈத்தாமில் தங்கச்சி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. சாயங்காலம் கொட்டுகிற மழை. சைக்கிள் டயர் பஞ்சர். சூலியா தெருவிலேயே விட்டுப் போனால் காலையில் இருக்குமா என்ற பயம் வேறு. பஸ் வந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனேன். டிரைவர் "தா போலே" என்று கையை ஆட்டினார். நான் விடவில்லை. நானும் காசு கட்டுகிறேன்தானே, மழையில் எங்கே போவேன், பஸ்ஸில் இடம் இருக்கிறதே என்று வாதம் பண்ணினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மனுஷன் அலுத்துப்போய் ஏற விட்டுவிட்டார். சக்கர நாற்காலிக்கென்று விட்டிருந்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

கொம்தாரில் கூட்டம் ஏறி அடைத்துக்கொண்டது. டத்தோ கெராமாட் சாலையில் ஒரு நிறுத்தத்தில் ஓர் அம்மா, பிள்ளை வண்டியில் ஒரு கைக்குழந்தை, கையில் பிடித்தபடி இன்னொன்று. கதவு திறந்தது. டிரைவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று சைகை காட்டினார். கதவு மூடிக்கொண்டது. பஸ்ஸில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

மறுநாள் பக்கத்துக் கடை பாயிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, வெளிய பாருங்க" என்று தெருவைக் காட்டினார். சூலியா தெரு உங்களுக்குத் தெரியும்தானே? நகர முடியாமல் கார் வரிசை. "ஒரு காரு, ஒரு ஆளு. இவங்க யாராச்சும் உங்களை மாதிரி ராத்திரி தூங்காம புலம்புறாங்களா? உங்க சைக்கிளுக்கும் அந்தப் பொம்பளைக்கும் சேர்த்து இடம் இல்லாத பஸ்ஸை விட்டது யாரு? அதைக் கேளுங்க."

பாய் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: விட்டுக்கொடு, அனுசரித்துப் போ என்று உபதேசம் செய்வதெல்லாம் இருப்பதிலேயே குறைந்த இடத்தில் நிற்கிறவனிடம்தான். நான்கு பேர் உட்காரும் வண்டியில் தனியாகப் போகிறவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. அந்த உபதேசத்தை நான் ஏற்கமாட்டேன். பஸ்ஸிலும் ரயிலிலும் சைக்கிளுக்கு இடம் கேட்பது தப்பே இல்லை. கோப்பன்ஹேகன் நகரத்தின் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளைக் காசில்லாமல் ஏற்றுகிறார்கள். அதற்கென்றே பெட்டியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் நண்பர்களே, அந்தக் கதவு மூடியபோது காரில் போனவர்கள் யாரும் உள்ளே இல்லை. நான்தான் இருந்தேன். சைக்கிளோடு இறங்கியிருந்தால் அந்த அம்மா ஏறியிருப்பார். அதைச் செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் சொல்லும் ஐந்து யமங்களில் கடைசி அபரிக்ரகம், அதாவது தேவைக்கு மேல் சேர்த்துக்கொள்ளாமை. அதைக் காசு, நகை, வீட்டுச் சாமானோடு நிறுத்திக்கொண்டோம். நிற்கிற இடமும் ஒரு பொருள்தான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிக்கெட் வாங்கினால் போய்ச் சேரும் உரிமை கிடைக்கிறது. மூன்று பேர் நிற்கும் இடமும் அதோடு சேர்ந்து வருகிறதா?

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய காவடிக்கு எத்தனை பேருடைய இடம் வேண்டியிருக்கிறது! யாராவது முகம் சுளிக்கிறோமா? "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நாமே ஒதுங்கி நிற்கிறோம். அங்கே சுற்றி நிற்பவர்கள் இடத்தைக் கொடுக்கிறார்கள். ஃபெரியிலும் அப்படித்தான், எனக்கென்று கொடுத்த இடம், என்னால் யாரும் கரையில் நிற்பதில்லை. பஸ்ஸில் மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதே சைக்கிள், அதே ஆள். கீதை பதினேழாம் அத்தியாயத்தில் தானத்தைப் பற்றிச் சொல்லும்போது தேசம், காலம், பாத்திரம் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. கொடுப்பதற்கே இவ்வளவு பார்க்கவேண்டும் என்றால், எடுப்பதற்கு?

இதைப் பாயிடம் சொன்னேன். "நல்லாத்தான் பேசுறீங்க. அடுத்த மழைக்கு என்ன செய்வீங்க?" என்றார்.

அடுத்த மழை போன மாதம் வந்தது. மறுபடி ஆயர் ஈத்தாம் பயணம். சைக்கிளை ஒரு கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன். பாதிப் பஸ் காலி. சைக்கிளை ஏற்றியிருக்கலாமே என்று வழி முழுக்க எரிச்சல்.

காலையில் வந்து பார்த்தால் சைக்கிள் இருந்தது, சீட்டைக் காணோம். பாய் வாசலில் நின்று, "இதானா தம்பி உங்க தர்மத்துக்குக் கிடைச்ச பலன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஜெட்டி வரைக்கும் நின்றுகொண்டேதான் மிதித்தேன்.